நியூட்ரான் மீட்டர் பூஜ்யம் காட்டினால் உடனே நம்பாதீர்கள்

எண்ணெய்க் கிணறு லாகிங் (கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறை அடுக்குகளை அளப்பது), இரும்பாலையில் கோக்கின் ஈரப்பதம் அளப்பது, சாலைப் பணியில் மண்ணின் ஈரப்பதமும் அடர்த்தியும் பார்ப்பது என்று நியூட்ரான் விடும் அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸை (கதிரியக்க மூலத்தை) வைத்து வேலை நடக்கும் இடங்கள் நிறைய. நம் பக்கத்தில் காவிரிப் படுகையில் நரிமணம், காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் லாகிங் வண்டிகளோடு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோர்ஸ் பழகியதுதான். சோர்ஸோடு சேர்த்து பாலிஎத்திலீன் உருண்டை மாட்டிய ஒரு கனமான நியூட்ரான் மீட்டரும் இருக்கும். அதை எப்படி வைத்துக்கொள்வது, எப்படி அளப்பது, எப்போது அதை நம்பக்கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. காமா மீட்டரை ஆன் செய்தால் எங்கே நின்றாலும் டிக் டிக் என்று சத்தம் வரும், பின்னணிக் கதிர்வீச்சே அதற்கு உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடும். நியூட்ரான் மீட்டருக்கு அந்த வசதி கிடையாது. கடல் மட்டத்தில் காஸ்மிக் கதிரால் வரும் நியூட்ரான் அளவு மணிக்கு 10 நானோசீவர்ட் அளவில்தான் இருக்கும் (சீவர்ட் என்பது உடல் வாங்கும் டோஸின் அலகு, ஆயிரம் நானோ சேர்ந்தால் ஒரு மைக்ரோ). புழக்கத்தில் உள்ள மீட்டர்கள் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் இருக்கும் இடத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 0.3 முதல் 1 கவுண்ட் (மீட்டர் எண்ணும் ஒரு துடிப்பு) வரை தரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சோர்ஸ் இல்லாத இடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கவுண்ட், சில மாடல்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அதாவது கேபிள் அறுந்து செத்துக் கிடக்கும் மீட்டரும், பாதுகாப்பான இடத்தில் நன்றாக வேலை செய்யும் மீட்டரும் பார்வைக்கு ஒன்றே. இரண்டிலும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாவதற்கு முன்னால் மீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது

நடுவில் ஒரு குழாய், அதில் ஹீலியம்-3 அல்லது போரான் டிரைஃப்ளூரைடு வாயு. ஹீலியம்-3 மெதுவான நியூட்ரானை அபாரமாகப் பிடிக்கும், பிடிக்கும் வாய்ப்பு 5330 பார்ன் (இந்த வாய்ப்பை அளக்கும் அலகு). ஆனால் வேகமான நியூட்ரான் வந்தால் அது 1 பார்ன் அளவுக்கு இறங்கிவிடும், கிட்டத்தட்ட கண் தெரியாத நிலை. அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸிலிருந்து வரும் நியூட்ரானின் சராசரி ஆற்றல் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அதனால்தான் குழாயைச் சுற்றி 20 முதல் 25 செ.மீ. விட்டமுள்ள பாலிஎத்திலீன். அதில் இருக்கும் ஹைட்ரஜனில் மோதி மோதி நியூட்ரான் வேகம் குறைந்து குழாய்க்குள் வந்து சேர்கிறது. பிளாஸ்டிக்குக்கு நடுவில் போரானோ காட்மியமோ கலந்த ஒரு அடுக்கும் இருக்கும், மீட்டர் காட்டும் எண் மனித உடலுக்கான டோஸோடு ஓரளவு ஒத்துப்போவதற்காக. கனமாக இருக்கிறதே என்று உருண்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயை மட்டும் எடுத்துப்போய் அளந்தால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

வெளியே எடுப்பதற்கு முன்

பேட்டரி, ஹை வோல்டேஜ், கேபிள், கேலிப்ரேஷன் தேதி பார்ப்பதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். முக்கியமானது சோர்ஸ் செக், அதாவது நியூட்ரான் இருப்பது தெரிந்த இடத்தில் வைத்து மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பது. இதற்காகத் தனியாக ஒரு சிறிய நியூட்ரான் சோர்ஸ் வாங்கி வைக்கத் தேவையில்லை, அதற்கும் லைசென்ஸ், கணக்கு, பூட்டு என்று தலைவலிதான் கூடும். உங்கள் சோர்ஸ் இருக்கும் ஷீல்டு டிரம்மே போதும், அதற்கு வெளியே எப்போதும் கொஞ்சம் நியூட்ரான் கசிந்துகொண்டுதான் இருக்கும். சோர்ஸ் அறையில் தரையில் பெயிண்ட்டால் டிரம்முக்கு ஒரு வட்டம், மீட்டர் ஸ்டாண்டுக்கு ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். மீட்டர் கேலிப்ரேஷன் முடிந்து வந்த அன்றே அந்த இடத்தில் வைத்து வரும் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அதே இடம், அதே திசை. 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் அந்த மீட்டரைப் பயன்படுத்தாதீர்கள், என்ன கோளாறு என்று பார்த்த பிறகுதான் மறுபடி வெளியே போக வேண்டும். அறையில் வேறு டிரம் வந்து சேர்ந்தாலோ, பக்கத்தில் தண்ணீர் டேங்க் வைத்தாலோ, சோர்ஸை வேறு ஷீல்டுக்கு மாற்றினாலோ எண் மாறும். நியூட்ரான் சுவர், தரை, தண்ணீர் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வரும். அப்போது புதிய எண்ணை எடுத்து எழுதிவிட வேண்டும்.

அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 வருடம், அதனால் எழுதி வைத்த எண் உங்கள் சர்வீஸ் முடியும் வரை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கலிஃபோர்னியம்-252 வைத்திருந்தால் கதை வேறு, அதன் அரை ஆயுள் 2.65 வருடம்தான். மாதத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டால் நல்ல மீட்டரைக் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவீர்கள்.

எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் என்பதில் பொறுமை வேண்டும். 100 கவுண்ட் சேர்ந்தால் பிழை 10 சதவீதம், 400 சேர்ந்தால் 5 சதவீதம். மணிக்கு 20 மைக்ரோசீவர்ட் இருக்கும் புள்ளியில், மைக்ரோசீவர்ட்டுக்கு விநாடிக்கு 0.8 கவுண்ட் தரும் மீட்டர் 25 விநாடியில் 400 கவுண்ட் சேர்த்துவிடும். அதே மீட்டருக்கு மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் இருக்கும் இடத்தில் 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். முள் ஆடுவதைப் பார்த்து நடுவில் இருப்பதைக் குத்துமதிப்பாக எழுதுவது காமாவில் ஓடலாம், இங்கே ஓடாது. மீட்டரில் கூட்டி எண்ணும் மோட் இருந்தால் குறைந்த அளவுகளுக்கு அதையே பயன்படுத்துங்கள்.

அளக்கும்போது

இடத்துக்குப் போவதற்கு முன்னால் என்ன எண் வர வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். லாகிங்கில் பயன்படும் சோர்ஸ் 20 கியூரி (கதிரியக்கத்தின் அலகு) வரை இருக்கும். 1 கியூரிக்கு விநாடிக்கு ஏறக்குறைய 22 லட்சம் நியூட்ரான், ஆக 20 கியூரிக்கு 4.4 கோடி. 1 மீட்டர் தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு விநாடிக்கு 350, டோஸாக மாற்றினால் மணிக்கு 0.5 மில்லிசீவர்ட். இது ஷீல்டு இல்லாமல் சோர்ஸ் வெளியே இருக்கும்போது. 2 மீட்டர் தள்ளினால் கால் பங்கு. மண் ஈரப்பதக் கேஜில் இருப்பது சாதாரணமாக 40 மில்லிகியூரி, அதற்கு 1 மீட்டரில் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் அளவுதான். இந்த எண்களை நினைவில் வைத்திருந்தால், மீட்டர் பத்து மடங்கு குறைத்தோ கூட்டியோ காட்டும்போது உடனே உறைக்கும்.

டிரம்மை ஒட்டி வைத்து அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மீட்டர் அளப்பது உருண்டையின் நடுப்புள்ளியில், அதன் மேற்பரப்பில் அல்ல. சோர்ஸ் டிரம்முக்குள் 25 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, உருண்டையின் நடு டிரம் பரப்பிலிருந்து 12 செ.மீ. வெளியே இருக்கிறது என்றால், பரப்பில் உண்மையில் இருப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் மீட்டர் காட்டும். இதைத் தெரிந்துகொண்டு திருத்திக் கொடுங்கள். 1 மீட்டர் அளவு இந்த விஷயத்தில் நம்பகமானது, தூரத்தை உருண்டையின் நடுவிலிருந்து டேப் வைத்து அளங்கள். மீட்டரை வயிற்றோடு அணைத்துப் பிடிக்காதீர்கள், உடம்பில் இருக்கும் தண்ணீரும் நியூட்ரானைத் திருப்பியும் தடுத்தும் விடும். ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பதே நல்லது, உங்களுக்கும் டோஸ் குறையும்.

காமா மீட்டரையும் கூடவே எடுத்துப் போங்கள், இதில் விதிவிலக்கே வேண்டாம். பாரஃபினும் பாலிஎத்திலீனும் நியூட்ரானை விழுங்கும்போது ஹைட்ரஜனிலிருந்து 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமா கிளம்பும், சோர்ஸே 4.4 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவும் விடும். ஈயம் வைத்துவிட்டோம், காமா மீட்டர் குறைந்துவிட்டது, போதும் என்று நினைப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. ஈயம் நியூட்ரானை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

டிரான்ஸ்போர்ட்டில்தான் இது பெரிய தவறாக மாறும். பெட்டியின் லேபிளில் எழுதும் டிரான்ஸ்போர்ட் இன்டெக்ஸ் என்பது 1 மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் மொத்த அளவை மில்லிசீவர்ட்டில் எடுத்து 100-ஆல் பெருக்குவது, மொத்தம் என்றால் காமாவும் நியூட்ரானும் சேர்த்து. காமா மணிக்கு 4 மைக்ரோசீவர்ட், நியூட்ரான் மணிக்கு 26 மைக்ரோசீவர்ட் என்றால் இன்டெக்ஸ் 3.0, மஞ்சள்-3 லேபிள். காமாவை மட்டும் அளந்து எழுதினால் 0.4, மஞ்சள்-2 ஒட்டி அனுப்பிவிடுவீர்கள். வண்டி ஓட்டுபவர் அந்த லேபிளை நம்பித்தான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் உட்கார்ந்து போகிறார்.

எல்லா ஆற்றலுக்கும் மீட்டர் ஒரே மாதிரி பதில் சொல்லாது. ஷீல்டில் அடிபட்டு வேகம் பாதி குறைந்த நியூட்ரான்களுக்கு உண்மையை விட அதிகமாகக் காட்டும், அது பாதுகாப்பான பக்கம், பரவாயில்லை. ஆனால் டியூட்டீரியம்-டிரிட்டியம் ஜெனரேட்டரில் வரும் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்குச் சாதாரண உருண்டை குறைத்துத்தான் காட்டும். ஜெனரேட்டர் பல்ஸ் பல்ஸாக விடுவதாக இருந்தால் எண்ணிக்கை நெரிசலிலும் கொஞ்சம் தவறவிடும். ஜெனரேட்டர் இருக்கும் இடத்துக்கு அந்த ஆற்றலுக்கான திருத்தக் காரணியை மீட்டர் தயாரித்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இல்லாத நியூட்ரானைக் காட்டும்போது

செத்துப்போவது ஒரு பிரச்சினை என்றால் பொய்க் கவுண்ட் இன்னொன்று. கடலோரத்தில் இதற்கு முதல் காரணம் ஈரம்தான். குழாய்க்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுக்கிறோம், கனெக்டரில் ஈரமும் உப்பும் படிந்தால் அதன் மேல் மின்சாரம் ஊர்ந்து போய் ஒவ்வொரு பொறியும் ஒரு கவுண்டாகப் பதிவாகும். ஏசி அறையிலிருந்து எடுத்து நேராக வெயிலில் வைத்தால் குளிர்ந்த உலோகத்தின் மேல் தண்ணீர் கோக்கும். அதனால் வெளியே எடுத்ததும் ஆன் செய்யாமல், மூடிய பெட்டியிலேயே அரை மணி நேரம் வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வறுத்தோ மாற்றியோ வையுங்கள்.

சந்தேகம் வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். மீட்டரை எல்லா சோர்ஸிலிருந்தும் நன்றாகத் தள்ளி எடுத்துப்போய் 10 நிமிடம் எண்ணுங்கள். ஐந்தாறு கவுண்ட் வந்தால் சரி. நாற்பது ஐம்பது வந்தால் அது நியூட்ரான் இல்லை. கேபிளை லேசாக ஆட்டுங்கள், எகிறினால் கேபிளோ கனெக்டரோ. ஹை வோல்டேஜை நிறுத்திய பிறகும் கவுண்ட் வந்தால் எலக்ட்ரானிக்ஸ் அல்லது வெளி இடைஞ்சல், பக்கத்தில் வெல்டிங் நடக்கிறதா, யாராவது வாக்கி டாக்கியை அழுத்துகிறார்களா என்று பாருங்கள். ஹை வோல்டேஜ் இருக்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் ஈரம், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு பிரியாத துணியால் கனெக்டரைத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துடைப்பதற்கு முன் ஹை வோல்டேஜை அணைத்து, மின்தேக்கிகள் இறங்கக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். இன்னொன்று, எம்.எச்.வி. கனெக்டரும் சாதாரண பி.என்.சி. கனெக்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அழுத்தி மாட்டினால் உள்ளே போனது போலவே தெரியும், ஆனால் கனெக்டர் கெட்டுவிடும், கையிலும் ஷாக் அடிக்கலாம். புதிதாக வாங்கும்போது எஸ்.எச்.வி. என்ற பாதுகாப்பான ஹை வோல்டேஜ் கனெக்டரைக் கேளுங்கள்.

காமாவை மீட்டர் நியூட்ரான் என்று எண்ணுகிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஹீலியம்-3 குழாயில் ஒரு நியூட்ரான் 764 கிலோ எலக்ட்ரான் வோல்ட் விட்டுச் செல்லும், காமாவின் பல்ஸ் அதைவிட மிகச் சிறியது, அதனால் ஒரு உயரத்துக்குக் கீழே வருவதை எல்லாம் மீட்டர் ஒதுக்கிவிடும். அந்த வரம்பு நகர்ந்துவிட்டால் காமாவும் உள்ளே நுழையும். லாகிங் பேஸில் டென்சிட்டி (அடர்த்தி) அளக்கும் சீசியம்-137 காமா சோர்ஸ் எப்படியும் இருக்கும். நியூட்ரான் சோர்ஸ் பக்கத்தில் இல்லாதபோது அந்த டிரம்மை ஒட்டி மீட்டரை வையுங்கள். பின்னணிக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் கேலிப்ரேஷனுக்கு அனுப்புங்கள், உள்ளே இருக்கும் ஸ்க்ரூவை நீங்களே திருப்பாதீர்கள்.

சுவரில் நிரந்தரமாக மாட்டியிருக்கும் மானிட்டர்களுக்கு வருடம் ஒருமுறை பிளாட்டோ எடுங்கள். ஒரே சோர்ஸ், ஒரே தூரம், வோல்டேஜை 25 அல்லது 50 வோல்ட்டாகக் கூட்டி ஒவ்வொரு படியிலும் கவுண்டை எழுதி வரைபடம் போடுங்கள், தயாரிப்பாளர் சொன்ன உச்சத்தைத் தாண்டாமல். நடுவில் தட்டையான பகுதி கிடைக்கும், குழாய் வேலை செய்யும் வோல்டேஜ் அதற்குள் இருக்க வேண்டும். குழாய் புதிதாக வந்தபோது எடுத்த வரைபடம் இல்லாமல் இந்த வேலைக்குப் பயனில்லை, அதை ஃபைலில் பத்திரமாக வையுங்கள். தட்டையான பகுதி வருடா வருடம் குட்டையாகிக்கொண்டோ சரிந்துகொண்டோ போனால் வாயு கெட்டு வருகிறது. போரான் டிரைஃப்ளூரைடு குழாய்கள் அதிக காமாவில் வருடக்கணக்கில் இருந்தால் இப்படி ஆகும். அந்த வாயு விஷம், அரிக்கவும் செய்யும், விரிசல் விட்ட குழாயைக் கையால் தொடாமல் அறையைக் காற்றோட்டமாக்கிவிட்டு வெளியே வாருங்கள். ஹீலியம்-3க்கு விஷம் இல்லை, ஆனால் அது டிரிட்டியம் சிதைவதிலிருந்து மட்டுமே கணிசமாகக் கிடைக்கிறது, 2008-09 வாக்கில் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. பழைய குழாயைக் குப்பையில் போடாமல் சப்ளையரிடம் திருப்பிக் கொடுங்கள்.

கேலிப்ரேஷன் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை என்பது உங்கள் லைசென்ஸ் நிபந்தனையில் இருக்கும், கீழே விழுந்தால் அல்லது ரிப்பேர் செய்தால் தேதி பார்க்காமல் அனுப்புங்கள். லேப் எந்த சோர்ஸில் செய்தது, அறையில் சிதறி வரும் நியூட்ரானைக் கழித்ததா என்று சான்றிதழில் இருக்கிறதா பாருங்கள். சரிசெய்வதற்கு முன்னால் மீட்டர் என்ன காட்டியது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த எண்தான் கடந்த மாதங்களில் நீங்கள் எடுத்த அளவுகள் சரியா என்று சொல்லும். மீட்டர் லேபில் இருக்கும் நாட்களில் மாற்று மீட்டர் இல்லாமல் சோர்ஸை வெளியே எடுக்காதீர்கள், கிணற்றில் ரிக் காத்திருந்தாலும் சரி.

மண் ஈரப்பதக் கேஜுக்குள் இருக்கும் டிடெக்டருக்குச் சுருக்கமாக: தினமும் வேலைக்கு முன் ஸ்டாண்டர்ட் பிளாக்கில் (கேஜோடு வரும் ஒப்பீட்டுக் கட்டையில்) வைத்து எண்ணுங்கள், கடைசி நான்கின் சராசரியிலிருந்து ஈரப்பத எண் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணும்போது சுவர், வண்டியிலிருந்து 3 மீட்டரும், இன்னொரு கேஜிலிருந்து 10 மீட்டரும் தள்ளியிருங்கள். உடலில் மாட்டும் டோஸ் பேட்ஜ் விஷயம் ஒன்று, சாதாரண டி.எல்.டி. பேட்ஜ் வேகமான நியூட்ரானைப் பதியாது, அதற்கு சி.ஆர்.-39 என்ற பிளாஸ்டிக் பேட்ஜ் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரி வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது என்பது, காமாவும் நியூட்ரானும் சேர்ந்ததற்குத்தான்.

சோர்ஸ் காணாமல் போனால்

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் மேற்கு டெக்சாஸில் ஒரு லாகிங் குழு, சுமார் 7 அங்குலம் நீளமான அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸை இரண்டு ஊர்களுக்கு நடுவே வழியில் தொலைத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் தேடியபின் அக்டோபர் தொடக்கத்தில் ஒரு எண்ணெய் வயல் தொழிலாளி சாலையோரத்தில் அதைப் பார்த்தார். இப்படித் தேட நேர்ந்தால் மீட்டரால் எவ்வளவு தூரத்தில் பிடிக்க முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும். 20 கியூரி சோர்ஸ் 10 மீட்டரில் மணிக்கு 5 மைக்ரோசீவர்ட், மேலே சொன்ன 0.8 கவுண்ட் மீட்டரில் விநாடிக்கு 4 கவுண்ட், நன்றாகத் தெரியும். 30 மீட்டரில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒன்று, நடந்து போனால் சத்தத்தை வைத்தே பிடித்துவிடலாம். ஆனால் ஜீப்பில் 36 கிலோமீட்டர் வேகத்தில் அதே 30 மீட்டர் தூரத்தில் கடந்து போனால், அருகில் இருக்கும் ஐந்தாறு விநாடியில் இரண்டு கவுண்ட் வந்தாலே அதிகம், பேச்சு சுவாரஸ்யத்தில் அது காதில் விழாது. ஆகவே வண்டி நடை வேகத்தில் போகட்டும், ஸ்பீக்கர் ஆனில் இருக்கட்டும், ஒருவர் மீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். காமா மீட்டரும் ஓடட்டும். கிளம்பும் முன் டிரம்மோ செக் சோர்ஸோ எது கைவசம் இருக்கிறதோ அதன் பக்கத்தில் மீட்டரை வைத்துக் கவுண்ட் வருகிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை திரும்ப அதையே செய்யுங்கள். கண்டுபிடித்தால் கிட்டே போகாதீர்கள், கையால் எடுக்காதீர்கள், 10 மீட்டர் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு உங்கள் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள், அவர் நீளமான இடுக்கியும் காலி டிரம்மும் கொண்டு வரும் வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.